ஐம்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் நடுவே

கொசு ஒரே இடத்தில் நின்று ரீங்காரமிட்டால் எப்படியாவது தூங்கிவிடலாம். காதருகே வந்து, போய், நாம் கண்ணசரும் நேரமாகப் பார்த்துத் திரும்பி வருகிறதே, அதுதான் தாங்காது. போன மே மாதம் என் லேப்டாப்பின் ஃபேன் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. திரையில் ஒரு எடிட்டர், ஒரு டெர்மினல், அவ்வளவுதான் திறந்திருக்கும். திடீரென்று 'உய்ய்ங்' என்று எழும்பும். கால் நிமிடம் சுற்றும். அப்புறம் மெல்ல அடங்கி நின்றுவிடும். அப்பாடா என்று அடுத்த வரியைத் தட்ட ஆரம்பித்தால் மறுபடி 'உய்ய்ங்'. தலைக்கு மேலே சீலிங் ஃபேன் இதைவிடப் பெரிய சத்தத்தோடு ஓடுகிறது. அது ஓடுவதே எனக்குத் தெரிவதில்லை.

வாங்கும்போது இப்படி இல்லை. சென்னை ரிச்சி தெருவில், ஆள் ஒருவர் மட்டும் ஏறக்கூடிய மாடிப்படிக்கு மேலே, கண்ணாடிக் கதவு போட்ட சின்னக் கடை. பழைய லேப்டாப்தான். எந்தக் கம்பெனி என்பது இந்தக் கதைக்கு அவசியமில்லை. உள்ளே இருப்பது 2017-ல் வந்த இன்டெல் ஐ5-8250யு. நான்கு கோர், 15 வாட். அரை மணி நேரம் கடையிலேயே உட்கார்ந்து கீபோர்டு, திரை, பேட்டரி, வைஃபை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஃபேனுக்காகக் காதை அடியில் வைத்தும் கேட்டேன். மூச்சு விடவில்லை. சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு வந்து லினக்ஸ் மின்ட் 21 போட்டேன். அது மார்ச் தொடக்கம்.

மே மாதத்தில் சத்தம் ஆரம்பித்ததும் முதலில் சந்தேகப்பட்டது பின்னணியில் ஏதோ ஓடுகிறது என்று. 'டாப்' கட்டளையைப் போட்டுப் பார்த்தால் புராசஸர் 97 சதவீதம் சும்மா இருக்கிறது. பிரவுசரைக்கூட மூடிவிட்டேன். ஃபேன் தன் பாட்டுக்கு எழும்புகிறது, அடங்குகிறது.

சரி, ஃபேனையே பிடித்துவிடலாம் என்று இறங்கினேன். லினக்ஸில் இதற்கு எல்லோரும் காட்டும் பாதை எல்எம்-சென்சார்ஸ் என்ற மென்பொருள். அதை நிறுவி 'சென்சார்ஸ்-டிடெக்ட்' என்று கொடுத்தால் ரேஷன் கார்டு விண்ணப்பம் மாதிரி வரிசையாகக் கேள்வி கேட்கும். எல்லாவற்றுக்கும் ஆமாம், ஆமாம் என்று தட்டி முடித்தேன். பிறகு 'சென்சார்ஸ்' கட்டளை நான்கு கோரின் வெப்பத்தையும் காட்டியது. எஸ்எஸ்டியின் வெப்பம், வைஃபை கார்டின் வெப்பம்கூட வந்தது. ஃபேன் என்று ஒரு வரி மட்டும் இல்லவே இல்லை. அடுத்த படி, ஃபேன் கட்டுப்பாட்டை அமைத்துத் தரும் 'பிடபிள்யூஎம்கான்ஃபிக்'. ஃபேன் வேகத்தை மாற்றக்கூடிய சென்சார் மாட்யூல் எதுவும் இல்லை என்று ஒரே வரியில் கதவைச் சாத்திவிட்டது.

இந்த இடத்தில்தான் பலரும் இரண்டு நாளைத் தொலைக்கிறார்கள். நான் நான்கு நாள். காரணம், லினக்ஸில் ஃபேன் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை மேசைக் கணினிக்கு எழுதப்பட்டவை. அங்கே ஃபேனின் வயர் மதர்போர்டில் உள்ள ஒரு சிப்புக்குப் போகும்; பெரும்பாலும் ஐடிஇ அல்லது நுவோட்டான் தயாரிப்பு. அவற்றைப் பற்றி ஊருக்கே தெரியும், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் டிரைவர் இருக்கிறது. டிரைவர் ஏறியதும், வன்பொருளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ் அடைவுக்குள் 'பிடபிள்யூஎம்1' என்று ஒரு கோப்பு முளைக்கும். அதில் 0 முதல் 255 வரை ஓர் எண்ணை எழுதினால் ஃபேன் அந்த அளவுக்குச் சுற்றும். சுவரில் இருக்கும் ரெகுலேட்டரைத் திருகுவது மாதிரிதான்.

லேப்டாப்பில் அந்த ரெகுலேட்டர் நம் கைக்கு எட்டும் சுவரில் இல்லை. ஃபேன் வயர் போவது எம்பெடட் கன்ட்ரோலர் என்ற சிப்புக்கு. சுருக்கமாக ஈசி. (நம் ஊரில் ஈசி என்றால் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வாங்கும் வில்லங்கச் சான்றிதழ். இந்த ஈசியிலும் வில்லங்கத்துக்குக் குறைவில்லை.) அது தனியாக ஒரு குட்டிக் கணினி. அதற்கென்று ஒரு புராசஸர், அதற்கென்று உள்ளேயே பதித்த ஒரு நிரல், அதாவது ஃபர்ம்வேர். நாம் ஷட்டவுன் செய்து மூடிவைத்த பிறகும் அது விழித்திருக்கும். பவர் பட்டனை அமுக்கியதைக் கவனித்து மற்ற எல்லோரையும் எழுப்புவதே அதுதான். கீபோர்டில் எந்தச் சாவி அழுந்தியது, சார்ஜர் செருகியிருக்கிறதா, மூடி திறந்திருக்கிறதா, ஃபேன் எவ்வளவு சுற்றவேண்டும், எல்லாம் அதன் இலாகா. லினக்ஸ் வந்து உட்காருவதற்கு முன்பே அது வேலையைத் தொடங்கிவிட்டது. ஃபேன் விஷயத்தில் லினக்ஸிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை.

கேட்பதற்கு முறைப்படி ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்று கம்பெனிகளும் சேர்ந்து வெளியிட்ட ஏசிபிஐ. இயங்குதளமும் வன்பொருளும் மின்சாரம், வெப்பம், உறக்கம் பற்றிப் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி. ஃபேனுக்கும் அதில் இடமுண்டு. ஆனால் அந்தப் பகுதியைத் தயாரிப்பாளர் முழுமையாக நிரப்பியே ஆகவேண்டும் என்றில்லை. என் லேப்டாப்பில் தெர்மல் அடைவுக்குள் போய்ப் பார்த்தால் 'ஃபேன்' என்ற பெயரில் ஐந்து சாதனங்கள் இருந்தன. உள்ளே இருப்பது ஒரே ஒரு ஃபேன். ஐந்துக்கும் உச்ச நிலை 1, அதாவது ஆன் அல்லது ஆஃப். ஒன்றில் 1 என்று எழுதிப் பார்த்தேன். ஏற்றுக்கொண்டது, திரும்பப் படித்தால் 1 என்றே காட்டியது. ஃபேன் அசையவில்லை. மனுவை வாங்கி சீல் குத்தி அனுப்பிவைத்த கதைதான்.

தோண்டும்போது கிடைத்த ஒரு வேடிக்கையைச் சொல்லிவிடுகிறேன். ஏசிபிஐ நிரல் பூட் ஆகும்போது இயங்குதளத்திடம் "நீ விண்டோஸின் இந்தப் பதிப்பா?" என்று கேட்கும். லினக்ஸ் கர்னல் கூசாமல் "ஆமாம்" என்று சொல்லும். விண்டோஸில் மட்டுமே சோதித்துப் பார்த்த லேப்டாப்கள் ஏராளம் என்பதால், உண்மையைச் சொன்னால் யாரும் சோதிக்காத பாதையில் போய் மாட்டிக்கொள்ள நேரும். திறந்த மூல உலகம் தினமும் காலையில் எழுந்ததும் சொல்லும் முதல் பொய் இது. இந்தப் பதிலை மாற்றிச் சொல்லவைக்க கர்னலுக்கு ஒரு அளவுரு (பாராமீட்டர்) இருக்கிறது. மாற்றிப் பார்த்தேன். ஃபேன் அப்படியே இருந்தது. டச்பேடு மட்டும் வேலை செய்யாமல் போனது. பழையபடி வைத்துவிட்டேன்.

இதற்கு நடுவில் ஒரு சனிக்கிழமை ரிச்சி தெருவுக்கே திரும்பப் போனேன். தூசு அடைத்திருக்கும், புராசஸரின் சூட்டை வெளியே கடத்தத் தடவும் பேஸ்ட் காய்ந்திருக்கும் என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சர்வீஸ் செய்யும் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அடிமூடியைக் கழற்றி, ஃபேனைப் பிரஷ்ஷால் துடைத்து, புராசஸர் மேல் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்த பழைய பேஸ்ட்டைச் சுரண்டி எடுத்துப் புதிதாகத் தடவினான். மூடி, ஆன் செய்து, பத்து நிமிடம் வைத்தான்.

"பாருங்க சார், சத்தமே இல்ல."

"வீட்ல இருந்தவரைக்கும் கத்திக்கிட்டே இருந்துச்சுப்பா."

"இங்க ஏசி ஓடுதுல்ல சார். இங்க எந்த லேப்டாப்பும் கத்தாது."

சொல்லிவிட்டு அடுத்த வேலையை எடுத்துக்கொண்டான். நானும் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அவன் சொன்னது மண்டையில் ஏற எனக்கு இரண்டு நாள் ஆனது.

பேஸ்ட் மாற்றியதில் பலன் இல்லாமல் இல்லை. முழு வேகத்தில் ஓடவிட்டால் முன்பு 92 டிகிரி தொட்டது, இப்போது 84-ல் நின்றது. ஆனால் சும்மா இருக்கும்போது? ஒரு டிகிரிகூட முழுசாகக் குறையவில்லை. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். காய்ந்த பேஸ்ட் என்பது வெப்பம் போகும் வழியில் உள்ள ஒரு தடை. அந்த வழியில் 15 வாட் போகும்போது தடையைக் குறைத்தால் நிறைய வித்தியாசம் தெரியும். சும்மா இருக்கும்போது புராசஸர் தின்பதே இரண்டு மூன்று வாட். அந்தச் சின்ன ஓடைக்கு வாய்க்கால் அகலமானால் என்ன, குறுகலானால் என்ன. 'உய்ய்ங்' அன்றிரவே திரும்ப வந்தது.

அன்றைக்குத்தான் ஒழுங்காக அளந்து பார்ப்போம் என்று தோன்றியது. முதல் நாளே செய்திருக்கவேண்டிய வேலை. இரண்டு விநாடிக்கு ஒருமுறை வெப்பத்தைக் கோப்பில் எழுதும் ஒரு வரி ஷெல் கட்டளையை ஓடவிட்டு, ஃபேன் எழும்பும்போது ஒரு சாவியும் அடங்கும்போது இன்னொரு சாவியும் தட்டிக் குறித்துக்கொண்டே இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். வரைந்து பார்த்தால் ரம்பத்தின் பல் மாதிரி இருந்தது. 55-ஐத் தொட்டதும் ஃபேன் எழும்புகிறது. 50-க்கு இறங்கியதும் நிற்கிறது. நின்றதும் வெப்பம் ஏறத் தொடங்கி முக்கால் நிமிடத்தில் மறுபடி 55. ஒவ்வொரு பல்லும் அச்சில் வார்த்தது மாதிரி.

இதில் ஈசியின் தவறு ஒன்றுமில்லை. வீட்டு ஃபிரிட்ஜின் கம்ப்ரஸரும் இப்படித்தான் ஒரு எல்லையில் ஓடத் தொடங்கி இன்னொரு எல்லையில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விடாவிட்டால் விநாடிக்கொரு முறை ஆன், ஆஃப் ஆகிக்கொண்டிருக்கும். ஐந்து டிகிரி இடைவெளி விட்டிருக்கிறார்கள். நியாயமான ஏற்பாடுதான்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி இரவு பதினொன்று இருபது. அதன் அடியில் சின்னதாக அறை வெப்பமும் காட்டும்: 36. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை அது. பகலெல்லாம் குடித்த வெயிலை இரவில்தான் கக்கும். ரிச்சி தெருப் பையன் சொன்னது அப்போதுதான் உறைத்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போனேன். அங்கே ஏசி 24-ல் ஓடிக்கொண்டிருந்தது. "என்னங்க, இங்கயும் அதுவா?" என்று மனைவி பாதித் தூக்கத்தில் கேட்டாள். "அஞ்சு நிமிஷம்" என்று தரையில் உட்கார்ந்து, திரை வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தேன். ஃபேன் ஒருமுறைகூட எழும்பவில்லை. புராசஸர் 45-ல் நின்றது.

கணக்கு எளிது. சும்மா இருக்கும்போது இந்த லேப்டாப் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிட 21 டிகிரி அதிகச் சூட்டில் நிற்கும். 24 டிகிரி அறையில் 45. ஈசியின் 55 கண்ணுக்கே எட்டாது. 36 டிகிரி அறையில் ஃபேன் இல்லாமல் விட்டால் 57 வரை போகும், ஆகவே வழியில் 55 குறுக்கிடும். ஃபேன் சுற்றினால் 47-க்கு இறங்கும், ஆகவே வழியில் 50 குறுக்கிடும். இரண்டு பக்கமும் வாசல், நடுவில் மாட்டிக்கொண்டது ஃபேன். ஈசியின் அந்த அட்டவணையை எழுதியவர் எந்த ஊரில், எந்த மாதத்தில் உட்கார்ந்து எழுதினாரோ, மே மாதத்து மொட்டை மாடி அறை அவர் மனதில் இருந்திருக்காது.

ஏசி அறைக்கு மேசையை மாற்றுவதுதான் மலிவான தீர்வு என்று வீட்டில் ஒரு கருத்து எழுந்தது. கரண்ட் பில்லைக் காட்டி அதைத் தள்ளிவைத்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: ஃபேன் நிற்கவேண்டாம். மெதுவாக, காதில் விழாத வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கட்டும். ஈசியின் முதல் படியே நிமிடத்துக்கு 2900 சுற்றில் தொடங்குவதால்தான் 'உய்ய்ங்'. 2000-ல் ஓடினால் யாருக்குத் தெரியப்போகிறது?

நோட்புக் ஃபேன்கன்ட்ரோல், சுருக்கமாக என்பிஎஃப்சி, இதற்கென்றே இருக்கும் மென்பொருள். லினக்ஸுக்காக சி மொழியில் திரும்ப எழுதப்பட்ட வடிவமும் உண்டு. ஒவ்வொரு லேப்டாப் மாடலுக்கும் ஒரு சின்னக் கோப்பு: ஈசியில் எந்த பைட்டைப் படிக்கவேண்டும், எந்த பைட்டில் எழுதவேண்டும், எந்த வெப்பத்தில் என்ன வேகம். அந்தந்த லேப்டாப் வைத்திருப்பவர்கள் தடவித் தடவிக் கண்டுபிடித்துச் சேர்த்துவைத்தவை. என் மாடல் அதில் இல்லை. பெயரில் ஓர் எண் மட்டும் மாறும் அண்ணன் மாடல் இருந்தது. அதைப் போட்டுப் பார்க்கலாமா என்று கை துறுதுறுத்தது. தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரே குடும்பப் பெயர் என்பதால் வீட்டுச் சாவியும் ஒன்றாக இருக்காது.

நாமே தேடவேண்டியதுதான். ஈசியோடு கர்னல் பேசுவது ஹெக்ஸ் கணக்கில் (பத்துக்குப் பதில் பதினாறு பதினாறாக எண்ணுவது) 62, 66 என்ற இரண்டு போர்ட் வழியாக. உள்ளே தெரிவது 256 பைட். 'ஈசி-சிஸ்' என்ற மாட்யூலை ஏற்றினால் அந்த 256-ஐயும் ஒரு கோப்பு மாதிரி படிக்கலாம். எழுத அனுமதி என்று தனியாகச் சொல்லி ஏற்றினால் எழுதவும் செய்யலாம். செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஏற்பாடு இயங்கிக்கொண்டிருந்தால் கர்னல் இதற்கு விடாது. பயாஸில் போய் அதை அணைத்தேன்.

பதினாறு வரிசை, பதினாறு பத்தி. திரை முழுக்க எண்கள், பாதிக்கு மேல் பூஜ்யம். விநாடிக்கு ஒருமுறை புதுப்பித்து, மாறிய இடத்தை மட்டும் பளிச்சென்று காட்டச் சொன்னேன். மாறுகிறவை நிறைய. பேட்டரி மின்னழுத்தமாக இருக்கலாம், கடிகாரமாக இருக்கலாம். ஒரு பைட் மட்டும் 34, 35, 36 என்று நிதானமாக ஏறியது. 37-ஐத் தொட்டதும் 'உய்ய்ங்'. ஹெக்ஸில் 37 என்றால் நம் கணக்கில் 55. கீழே இறங்கி 32 ஆனதும் ஃபேன் நின்றது. 32 என்றால் 50. அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தை வீட்டில் யாரிடமும் விளக்க முடியவில்லை.

வெப்பத்தின் முகவரி கிடைத்ததும் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது சுலபமானது. ஃபேன் நின்றிருக்கும்போது இரண்டும் பூஜ்யமாக இருந்து, சுற்றியதும் 54, 0பி என்று மாறிய ஜோடி ஒன்று இரண்டு வரிசை தள்ளி இருந்தது. திருப்பிப் போட்டு 0பி54 என்று படித்தால் நம் கணக்கில் 2900. ஃபேனின் வேகம், நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று அப்படியே. ஏசிபிஐ அட்டவணையை இறக்கி, ஐஏஎஸ்எல் கருவியால் பிரித்து, அதே முகவரிகளைத் தேடினேன். அந்த நிரலில் எந்தப் பெயருக்கும் நான்கு எழுத்துக்கு மேல் கிடையாது என்பதால் படிப்பது பழைய தந்தி படிப்பது போல. ஆனால் அந்த ஜோடிக்குப் பக்கத்திலேயே எஃப் எழுத்தில் தொடங்கும் இன்னும் சில பெயர்கள் இருந்தன. கட்டுப்பாடும் அங்கேதான் இருக்கவேண்டும்.

அவற்றில் ஒன்றில் 1 என்று எழுதினேன். ஃபேனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கவாட்டில் எரிந்துகொண்டிருந்த சார்ஜர் விளக்கு அணைந்துவிட்டது. பேட்டரி ஐகான், சார்ஜ் ஆகவில்லை என்றது. திரும்ப 0 எழுதினேன். அப்போதும் ஆகவில்லை. ரீஸ்டார்ட் செய்தேன். ஆகவில்லை, நாம் ரீஸ்டார்ட் செய்வது லினக்ஸைத்தான், ஈசியை அல்ல. உள்ளங்கை வியர்த்துவிட்டது. கடைசியில் ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடத்துக்கு மேல் அமுக்கிப் பிடித்துவிட்டுப் பார்த்தபோது விளக்கு எரிந்தது. ஈசிக்கு அதுதான் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்புவது. அதற்கு மறுநாள்தான் மறுபடி தொட்டேன்.

சரியான பைட்கள் இரண்டு. ஒன்று, ஃபேன் ஈசியின் பொறுப்பா, நம் பொறுப்பா என்பது. இன்னொன்று, 0 முதல் 100 வரை வேகம். முதலாவதை மாற்றி, இரண்டாவதில் 30 வைத்தேன். ஃபேன் 2000 சுற்றுக்கு வந்து அந்த வேகத்திலேயே நிலைத்தது. காதில் விழவில்லை. காற்று வெளியே வரும் இடத்தில் கையை வைத்தால் மட்டும் மெல்லிய காற்று. வெப்பம் 49-ல் நிலைகொண்டது. ஒரு மணி நேரம் 49. சீலிங் ஃபேன் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

அன்றிரவே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். 42-க்குக் கீழே போனால் ஃபேனை நிறுத்து, 48-க்கு மேலே போனால் 30, 65-க்கு மேலே 60, 75-க்கு மேலே 100. பதினோரு வரி. பூட் ஆகும்போதே தானாக ஓடும்படி வைத்துவிட்டுத் தூங்கினேன். மூன்று வாரம் சொர்க்கம்.

மூன்றாவது வாரக் கடைசியில் அக்கா பையனின் காதுகுத்து வீடியோவைச் சுருக்கித் தரச் சொன்னார்கள். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். போகும்போது இன்னும் நாற்பது நிமிடம் ஆகும் என்று கணக்குச் சொன்னது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் இன்னும் ஒன்றே கால் மணி நேரம் என்றது. மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்தது. கீபோர்டுக்கு மேலே உள்ள பட்டையில் விரலை வைத்தவன் உடனே எடுத்துவிட்டேன். தோசைக்கல். ஃபேனோ அமைதியாக, காதில் விழாத அந்த 2000 சுற்றில், தன் பாட்டுக்கு.

'சென்சார்ஸ்' போட்டேன். 99, 100, 98, 100. கர்னல் பதிவேட்டில், கோர் வெப்பம் எல்லை தாண்டிவிட்டது, வேகத்தைக் குறைக்கிறேன் என்ற வரி பக்கம் பக்கமாக. எஃப்எஃப்எம்பெக்கை நிறுத்தி, ஃபேனை ஈசியிடம் திருப்பிக் கொடுத்தேன். விமானம் கிளம்புவது மாதிரி ஒரு சத்தம். அவ்வளவு இனிமையான சத்தத்தை அதற்கு முன் அந்த லேப்டாப்பிலிருந்து நான் கேட்டதில்லை.

நடந்தது இதுதான். முந்தின நாள் கர்னல் அப்டேட் வந்திருந்தது. லினக்ஸ் தன்னிடம் உள்ள சென்சார்களுக்கு எச்டபிள்யூமான் 0, 1, 2 என்று எண் கொடுக்கும். எந்த டிரைவர் முதலில் ஏறுகிறதோ அதற்கு முதல் எண். பந்தியில் முந்தினவருக்கு முன் இலை. அடுத்த பூட்டில் வேறொருவர் முந்தலாம். என் ஸ்கிரிப்ட் 4-ம் எண்ணின் வெப்பத்தைப் படித்துக்கொண்டிருந்தது. நான் எழுதிய அன்று 4 என்றால் புராசஸர். அப்டேட்டுக்குப் பிறகு 4 என்றால் எஸ்எஸ்டி. எஸ்எஸ்டி சுகமாக 44 டிகிரியில் இருந்தது. ஸ்கிரிப்ட்டைப் பொறுத்தவரை வீட்டில் எல்லோரும் சௌக்கியம். புராசஸர் 100 டிகிரியில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. அந்தக் கடைசி வேலி மட்டும் சிப்புக்குள்ளேயே இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. பழிபோட யாரும் இல்லை; பதினோரு வரியும் நான் எழுதியது.

மேசைக் கணினிகளுக்கான 'ஃபேன்கன்ட்ரோல்' நிரல் நினைவுக்கு வந்தது. அது தன் அமைப்புக் கோப்பில் சென்சாரின் எண்ணோடு பெயரையும் முகவரியையும் சேர்த்து எழுதிவைக்கும். பூட் ஆகும்போது பொருந்தவில்லை என்றால், அமைப்பு பழசாகிவிட்டது, முதலிலிருந்து செய் என்று சொல்லி ஓடவே மறுக்கும். பழைய கணினியில் அப்படி மறுத்தபோதெல்லாம் அதை எரிச்சலோடு திட்டியிருக்கிறேன். அது எதற்காக முரண்டு பிடித்தது என்பது தோசைக்கல்லில் விரல் வைத்த பிறகுதான் தெரிந்தது.

திங்க்பேடு லேப்டாப்களுக்கான கர்னல் டிரைவரின் ஆவணத்தையும் அந்த வாரம் உட்கார்ந்து படித்தேன். என்னிடம் திங்க்பேடு இல்லை. ஆனால் ஃபேன் விஷயத்தில் லினக்ஸில் மிக ஒழுங்கான ஏற்பாடு அங்கேதான் இருக்கிறது. (கோப்பின் பாதையில் இன்னும் ஐபிஎம் என்றுதான் இருக்கும், அந்த வியாபாரம் 2005-லேயே லெனோவோவுக்குப் போய்விட்டது.) 0 முதல் 7 வரை நிலைகள், அப்புறம் தானியங்கி, முழு வேகம். இதை நாம் தொடுவதற்கே, மாட்யூலை ஏற்றும்போது ஃபேன் கட்டுப்பாடு வேண்டும் என்று தனியாகச் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் பூட்டுதான். அதைவிட எனக்குப் பிடித்தது காவல் நாய் ஏற்பாடு. 1 முதல் 120 விநாடிக்குள் ஒரு நேரத்தைக் குறித்துவிடலாம். அதற்குள் ஃபேனுக்கு அடுத்த கட்டளை வரவில்லை என்றால், கட்டளை கொடுப்பவன் செத்துப்போனான் என்று டிரைவர் முடிவுசெய்து ஃபேனை மறுபடி ஃபர்ம்வேரிடமே ஒப்படைத்துவிடும். இதை எழுதியவரும் எங்கோ ஒரு தோசைக்கல்லில் கை வைத்தவராகத்தான் இருக்கவேண்டும்.

என் ஸ்கிரிப்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப எழுதினேன். எண்ணை நம்பாமல், புராசஸர் வெப்பத்தைத் தரும் 'கோர்டெம்ப்' என்ற பெயரைத் தேடிப் பிடிக்கும். பெயர் கிடைக்காவிட்டால் ஃபேனைத் தொடாமலே வெளியேறிவிடும். 65 டிகிரிக்கு மேல் என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டேன். அதைத் தாண்டினால் ஈசியிடம் ஒப்படைப்பு, கத்தவேண்டிய நேரத்தில் அது கத்தட்டும். ஸ்கிரிப்ட் எந்தக் காரணத்துக்காக நின்றாலும், லினக்ஸில் பின்னணி வேலைகளை நடத்தும் சிஸ்டம்டி அதன் பின்னாலேயே போய் ஃபேனைத் தானியங்கிக்கு மாற்றும். கொலை செய்து பார்த்தேன், இரண்டு விநாடியில் ஈசி வந்து ஏற்றுக்கொண்டது. சஸ்பெண்டிலிருந்து எழும்போது ஈசி எல்லாவற்றையும் மறந்துவிட்டுத் தானியங்கிக்குப் போய்விடுகிறது என்பது அப்புறம் தெரிந்தது. எழுந்ததும் ஒருமுறை நினைவுபடுத்த ஒரு சின்னக் கொக்கி போட்டேன்.

இன்னொன்றும் செய்தேன், சத்தத்தைப் பொறுத்தவரை அதுதான் இன்னும் பெரிய பலன் தந்தது. புராசஸரின் வேகத்தை நிர்வகிக்கும் இன்டெல் பி-ஸ்டேட் அடைவுக்குள் உச்ச வேக சதவீதம் என்று ஒரு கோப்பு உண்டு. அதில் கோடைக்கு மட்டும் 70 என்று எழுதிவிட்டேன். 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை தாவும் புராசஸர் 2.4-ஐ ஒட்டி நின்றுவிடும். நான் செய்யும் வேலைக்கு வித்தியாசம் தெரியவில்லை. காதுகுத்து வீடியோ ஐம்பது நிமிடத்தில் முடிந்தது, 71 டிகிரி.

டிசம்பரில் குன்னூரில் இருக்கும் நண்பன் ஒருவன் கேட்டான். என்னைப் பார்த்து அதே மாடலை, அதே தெருவில் வாங்கியவன். பயாஸ் பதிப்பும் ஒன்றுதானா என்று இரண்டு முறை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஸ்கிரிப்ட்டைக் கொடுத்தேன். மறுநாள் போன்.

"மச்சான், உன் ஸ்கிரிப்ட் வேலை செய்யல. ஃபேன் சுத்தவே மாட்டேங்குது."

"டெம்பரேச்சர் என்ன காட்டுது?"

"முப்பத்தாறு."

"ரூம்ல எவ்வளவு இருக்கும்?"

"பதினஞ்சு இருக்கும்டா. ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

டெர்மினலைத் திறந்து, ஒரே எழுத்தை ஓயாமல் அச்சிட்டுக்கொண்டே இருக்கும் 'எஸ்' என்ற கட்டளையை எட்டு முறை பின்னணியில் ஓடவிட்டு, வெளியீட்டை 'நல்' என்ற குப்பைத்தொட்டிப் பக்கம் தள்ளச் சொன்னேன். எட்டுத் திரெட்டும் நிரம்பி ஓடட்டும், அப்போது பார்க்கலாம் என்று. ஐந்து நிமிடம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. லேப்டாப்பின் பக்கவாட்டில், காற்று வெளியே வரும் இடத்துக்கு முன்னால், இரண்டு உள்ளங்கைகள். 'இப்ப சுத்துது. குளிர் காய நல்லா இருக்கு, நிறுத்த வேண்டாம்' என்று கீழே எழுதியிருந்தான்.